காமர்ஸ் குரூப் பிள்ளைகளுக்கும் ஒரு வழி சொல்லுங்கள்: பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் பள்ளிக் கல்வித் துறைக்கும், ‘நான் முதல்வன்’ திட்டத்தை நடத்துகிறவர்களுக்கும் வணக்கம்.

அரசு மேல்நிலைப் பள்ளிகளில் முதுகலை வணிகவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் பதினொன்றாம் வகுப்புக்குக் குரூப் பிரிக்கும் மேசையில் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே என்ன நடக்கும் என்பது உங்களுக்கும் தெரியும். மொத்த மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். நல்ல மார்க் என்றால் பயாலஜி, இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் சயின்ஸ். அதற்குக் கீழே என்றால், கணக்குப் பாடத்தில் எவ்வளவு என்றுகூடப் பார்க்காமல், “காமர்ஸில் போட்டுடுங்க சார்” என்று முடித்துவிடுவார்கள். அப்பாவோ அம்மாவோ தலையாட்டுவார்கள், பிள்ளை கையெழுத்துப் போடும். ஐந்து நிமிட வேலை. இரண்டு வருடம் கழித்து வரும் ஒரு பெரிய போட்டியில் அந்தப் பிள்ளை கலந்துகொள்ள முடியுமா, முடியாதா என்பது அந்த ஐந்து நிமிடத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. யாருக்கும் தெரியாமலே தீர்மானமாகிவிடுகிறது என்பதுதான் என் வருத்தம்.

எந்தப் போட்டி என்று கேட்பீர்கள். நீட், ஜேஇஇ என்றால் நம் ஊர் டீக்கடையில்கூடத் தெரியும். பிளஸ் டூ முடித்ததும் ஐஐஎம் என்ற இந்திய மேலாண்மைக் கழகத்தில் சேர எழுதும் ஐபிமேட் தேர்வைச் சொல்லிப் பாருங்கள், பல தலைமையாசிரியர்களே “அது என்ன சார்?” என்பார்கள். ஐஐஎம்மில் சேர வேண்டுமானால் டிகிரி முடித்துவிட்டு கேட் (CAT) நுழைவுத் தேர்வு எழுத வேண்டும் என்பதோடு நம் தகவல் நின்றுவிட்டது. இந்தூர் ஐஐஎம் 2011-லேயே பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ஐந்தாண்டு ஒருங்கிணைந்த மேலாண்மைப் படிப்பைத் தொடங்கிவிட்டது. 2019-இல் ரோத்தக் ஐஐஎம் வந்தது. 2021-இல் ராஞ்சி, ஜம்மு, புத்த கயா ஐஐஎம்கள் வந்தன. ஜம்முவுக்கும் புத்த கயாவுக்கும் தேசியத் தேர்வு முகமை ஜிப்மேட் என்று தனித் தேர்வு நடத்துகிறது. பக்கத்து மாநிலத்தில் கோழிக்கோடு ஐஐஎம் தன் கொச்சி வளாகத்தில் 2025-இல் நான்காண்டு இளநிலைப் படிப்பே ஆரம்பித்துவிட்டது. ஐஐஎம்முக்கு வெளியே பார்த்தால், டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சகீத் சுக்தேவ் வணிகக் கல்லூரி போன்ற இடங்களில் பிஎம்எஸ் என்ற மேலாண்மை இளநிலைப் படிப்பு இருக்கிறது. அதற்கு க்யூட் என்ற பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

பெருநகரங்களின் சிபிஎஸ்இ பள்ளிகளில் படிக்கும் காமர்ஸ் பிள்ளைகள் பதினொன்றாம் வகுப்பிலேயே இதற்கெல்லாம் கோச்சிங் போகத் தொடங்குகிறார்கள். நம் அரசுப் பள்ளி காமர்ஸ் பிள்ளை பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு, பக்கத்து அரசுக் கலைக் கல்லூரியில் பி.காம் விண்ணப்பம் போட்டுவிட்டு வீட்டில் இருக்கிறது. அரசுக் கல்லூரி பி.காம் மோசம் என்று நான் சொல்லவே மாட்டேன். நானே அப்படிப் படித்தவன்தான். தெரிந்து அதைத் தேர்ந்தெடுத்தால் சரி. வேறு எதுவும் இருப்பதே தெரியாமல் அங்கே போய்ச் சேருவது வேறு விஷயம்.

இப்போது அந்தத் தேர்வு எப்படி இருக்கும் என்று பார்ப்போம். இந்தூர் ஐபிமேட் இரண்டு மணி நேரம். மூன்று பிரிவு, ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். முதல் இரண்டும் கணிதம். ஒன்றில் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். இன்னொன்றில் விடைகளே தரப்பட்டிருக்காது, கணக்கைப் போட்டு வந்த எண்ணை நாமே தட்ட வேண்டும். மூன்றாவது ஆங்கிலம். ஒன்றில் அள்ளி இன்னொன்றில் கோட்டை விட்டாலும் சமாளிக்கலாம் என்று நினைக்க முடியாது, மூன்றுக்கும் தனித்தனியே கட்-ஆஃப் உண்டு. அதைத் தாண்டினால் நேர்முகத் தேர்வு. நாடு முழுவதற்கும் அங்கே இருப்பது சுமார் 150 இடம்.

பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படித்திருக்க வேண்டும் என்று இந்தூர் நிபந்தனை வைப்பதில்லை. எந்தக் குரூப் மாணவரும் எழுதலாம். ஆனால் கேள்விகளின் எண்ணிக்கையில் பாதி கணிதம். மடக்கை, தொடர்வரிசை, அணிக்கோவை, வரிசை மாற்றமும் சேர்வும், நிகழ்தகவு எல்லாம் கேட்பார்கள். டெல்லி பிஎம்எஸ்ஸில் நிபந்தனையே உண்டு. பன்னிரண்டில் கணிதம் படித்திருக்க வேண்டும், க்யூட்டிலும் கணிதத் தாள் எழுத வேண்டும். நம் காமர்ஸ் குரூப்பில் வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் மூன்றும் பொது. நான்காவது பாடம்தான் பள்ளிக்குப் பள்ளி மாறும். எத்தனையோ பள்ளிகளில் அது கணினிப் பயன்பாடுகள் அல்லது வரலாறு. அங்கே சேர்ந்த பிள்ளை கணிதத்தைக் கடைசியாகப் பார்த்தது பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில்.

என்னிடம் படித்த ஒரு மாணவி நினைவுக்கு வருகிறாள். அப்பா மினி லாரி ஓட்டுநர். கணக்குப்பதிவியலில் நூற்றுக்கு நூறு. பத்தாம் வகுப்புக் கணக்கிலும் தொண்ணூறுக்கு மேல். சொந்தக்காரர் யாரோ சொல்லி, பிளஸ் டூ அரையாண்டுக்கு அப்புறம் என்னிடம் வந்து இந்தூர் படிப்பைப் பற்றிக் கேட்டாள். பழைய வினாத்தாளை எடுத்துக் காட்டினேன். பாதிக்குமேல் அவள் பாடமாகவே பார்த்திராத பகுதிகள். நாங்கள் இருந்த பள்ளியில் காமர்ஸுக்குக் கணினிப் பயன்பாடுகளைத் தவிர வேறு நான்காவது பாடம் கிடையாது. “பத்தாவதிலேயே யாராவது சொல்லியிருந்தால் பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போயிருப்பேனே சார்” என்றாள். அவள் வாழ்க்கை ஒன்றும் கெட்டுவிடவில்லை. பி.காம் முடித்து இன்று ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் நல்ல நிலையில் இருக்கிறாள். இருந்தாலும் அவள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது நான் இல்லை, நீங்கள்.

இதற்கு மருந்து உங்கள் கையிலேயே இருக்கிறது. வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல் என்று நீங்கள் அச்சிட்ட பாடப்புத்தகம்தான் அது. பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைப் புரட்டுங்கள். அணிகளும் அணிக்கோவைகளும் இருக்கின்றன. வரிசை மாற்றம், சேர்வு, ஈருறுப்புத் தேற்றம், பகுமுறை வடிவியல், வகை நுண்கணிதம், வட்டியும் பங்கும் சார்ந்த நிதியியல் கணிதம், நிகழ்தகவு, ஒட்டுறவு, நேரியல் திட்டமிடல் எல்லாம் இருக்கின்றன. நல்ல புத்தகம், சொல்லப்போனால் காமர்ஸ் பிள்ளைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. இதை ஒழுங்காகப் படித்த பிள்ளை ஐபிமேட் வினாத்தாளைக் கண்டு மிரளாது. வேகம் போதாமல் இருக்கலாம். வேகத்தைச் சில மாதப் பயிற்சியில் கூட்டிவிடலாம். கணிதத்தை இரண்டு வருடம் தொடாத பிள்ளைக்குச் சில மாதத்தில் அடிப்படையை எப்படிக் கூட்டுவது?

அப்படியானால் பள்ளிகள் ஏன் அந்தப் பாடத்தை வைப்பதில்லை? முதுகலைக் கணித ஆசிரியர் ஒருவர்தான் இருப்பார், அவர் நேரம் சயின்ஸ் குரூப்புக்கே சரியாகப் போய்விடும் என்பது ஒரு காரணம். அது நியாயமானதுதான். சொல்லப்படாத இன்னொரு காரணமும் இருக்கிறது. தேர்ச்சி விகிதம். காமர்ஸில் கணிதத்தை வைத்தால் நாலு பேர் ஃபெயிலாவார்கள், நூறு சதவீதம் போய்விடும், மாவட்டக் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். எந்தத் தலைமையாசிரியர் இந்த வம்பை விலைக்கு வாங்குவார்? கணினிப் பயன்பாடுகளைக் கொடுத்தால் செய்முறை மதிப்பெண்ணோடு பிள்ளை பாஸ். எல்லாருக்கும் நிம்மதி. தலைமையாசிரியர்களை நான் குறை சொல்லவில்லை. தேர்ச்சி விகிதத்தை வைத்தே பள்ளியை எடைபோடுகிற வழக்கம் மேலிருந்து வந்தது. ஒரு பள்ளி துணிந்து வணிகக் கணிதப் பிரிவு தொடங்கினால், முதல் மூன்று வருடத்துக்கு அந்தப் பாடத்தின் தேர்ச்சி விகிதத்தைக் கேட்டு அவர்களை நெருக்க மாட்டோம் என்று எழுத்தில் சொல்லுங்கள். பாதிப் பள்ளிகள் தானே முன்வரும்.

எல்லாப் பள்ளியிலும் வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. ஒரு ஒன்றியத்துக்கு இரண்டு பள்ளி போதும். மாணவருக்கு பஸ் பாஸ் இருக்கிறது, பத்து கிலோமீட்டர் போய்ப் படிப்பார்கள். ஆனால் எந்தப் பள்ளியில் அந்தப் பிரிவு இருக்கிறது என்ற விவரம் பத்தாம் வகுப்பு ஆசிரியர் கையில் ஏப்ரலிலேயே இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் சிலர் முகம் சுளிப்பார்கள். “நாம் நுழைவுத் தேர்வையே எதிர்க்கிறோம், நீங்கள் அதற்குத் தயார்படுத்தச் சொல்கிறீர்களே” என்பார்கள். எதிர்ப்பில் எனக்கும் உடன்பாடு உண்டு. 2022 ஏப்ரலில் நம் சட்டப்பேரவை க்யூட்டுக்கு எதிராகத் தீர்மானம் போட்டபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். அதற்கு முன்பு டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பி.காம் போன்ற படிப்புகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்தே இடம் கொடுத்தார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் கூட்டமாகப் போய் ஸ்ரீராம் காமர்ஸ் கல்லூரியில் சேர்ந்த வருடங்கள் உண்டு. க்யூட் வந்த பிறகு நாம் எடுக்கும் மதிப்பெண்ணுக்கு அங்கே மதிப்பில்லை. கேள்விகளும் என்சிஇஆர்டி பாடத்திட்டத்தை ஒட்டியே வருகின்றன. அநியாயம்தான். ஆனால் நாம் தீர்மானம் போட்டதால் டெல்லியில் சேர்க்கை முறை மாறவில்லை. மாறும் வரைக்கும் இன்றைக்குப் பதினொன்றாவது படிக்கிற பிள்ளை என்ன செய்யும்? நீட்டையும்தான் எதிர்க்கிறோம். எதிர்த்துக்கொண்டே அரசுப் பள்ளியில் அதற்குப் பயிற்சியும் கொடுத்தோம், 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுச் சட்டமும் கொண்டுவந்தோம். அந்தப் புத்திசாலித்தனம் காமர்ஸுக்கும் வேண்டும் என்றுதான் கேட்கிறேன். க்யூட்டைத் தமிழிலேயே எழுதலாம் என்ற விவரமாவது நம் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறதா?

ஐபிமேட்டில் தமிழ் கிடையாது, எல்லாம் ஆங்கிலம். கணிதத்தைவிட எனக்குப் பயம் இதில்தான். நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் எண்பது, தொண்ணூறு எடுக்கிறார்கள், ஆனால் பாடத்தில் இல்லாத ஒரு பத்தியைக் கொடுத்து இதில் ஆசிரியர் என்ன சொல்ல வருகிறார் என்று கேட்டால் திணறுகிறார்கள். கலைத்துப் போட்ட வாக்கியங்களை வரிசைப்படுத்தச் சொன்னாலும் அதே கதைதான். இதற்குக் கோச்சிங் சென்டர் தேவையில்லை. பள்ளி நூலகத்துக்கு வரும் ஆங்கில நாளிதழின் வணிகப் பக்கத்தைத் தினமும் ஒரு பிள்ளை சத்தமாகப் படித்து மற்றவர்களுக்குத் தமிழில் விளக்கினால் போதும். நான் வகுப்பில் செய்து பார்த்திருக்கிறேன். ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி விகிதம் ஏறினால் தன் அப்பாவின் வண்டிக் கடன் தவணை என்ன ஆகும் என்று ஒரு பையன் விளக்கியபோது வகுப்பே வாயைப் பிளந்து கேட்டது. நேர்முகத் தேர்வில் இப்படிப்பட்ட பிள்ளையைத்தான் தேடுகிறார்கள் என்று நினைக்கிறேன். பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை 2025-26 முதல் எடுத்துவிட்டீர்கள். நல்ல முடிவு. அதனால் கிடைத்த மூச்சு விடும் நேரத்தில் ஒரு பங்கை இதற்குக் கொடுங்கள்.

அடுத்தது விண்ணப்பம். இந்தூர் விண்ணப்பம் வழக்கமாகப் பிப்ரவரியில் திறந்து மார்ச் கடைசி வாக்கில் மூடும். நம் பிள்ளைகளுக்குப் பிப்ரவரி செய்முறைத் தேர்வு, மார்ச் பொதுத்தேர்வு. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை, போட்டோவை எத்தனை கேபி அளவில் ஏற்ற வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை. கட்டணமோ பொதுப் பிரிவுக்கும் ஓபிசிக்கும் 4,000 ரூபாயைத் தாண்டுகிறது. ஒரு தேர்வுக்கு இவ்வளவு. ரோத்தக் தேர்வு தனி, ஜிப்மேட் தனி, அவற்றுக்குத் தனித்தனியே பணம். தினக்கூலி வீட்டில் “கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாததற்கு இவ்வளவா?” என்று கேட்பார்கள், கேட்டால் தப்பும் இல்லை. பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகம் கட்டிக் கொடுத்திருக்கிறீர்கள். ஜனவரியில் மாதிரித் தேர்வு ஒன்றை அங்கே வையுங்கள். அதில் தேறுகிறவர்களின் விண்ணப்பக் கட்டணத்தை அரசு கட்டட்டும், விண்ணப்பத்தையும் அந்த ஆய்வகத்திலேயே நிரப்பட்டும். மாவட்டத்துக்கு ஐம்பது பிள்ளை என்று வைத்தால்கூட அரசுக்கு இது ஒரு செலவே இல்லை.

சாதிச் சான்றிதழ் விஷயம் யாரும் பேசாதது, ஆனால் இடத்தையே பறித்துவிடக் கூடியது. நம் பிள்ளைகள் கையில் இருப்பது மாநில அரசின் பிசி, எம்பிசி சான்றிதழ். மத்திய நிறுவனங்களுக்கு அது செல்லாது. அவர்கள் கேட்பது மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயர் எனப்படும் வசதி படைத்த பிரிவில் வராதவர் என்று குறிப்பிடும் ஓபிசி சான்றிதழ். அதுவும் பழையது ஆகாது, குறிப்பிட்ட நிதியாண்டுக்கு உரியதாக இருக்க வேண்டும். மாநிலப் பட்டியலில் இருக்கும் சில சாதிகள் மத்தியப் பட்டியலில் இல்லை என்பது இன்னொரு சிக்கல். கிரீமி லேயருக்கான எட்டு லட்ச ரூபாய் வருட வருமான வரம்பைக் கணக்கிடும்போது பெற்றோரின் சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் சேர்க்கக் கூடாது. இதைத் தெரியாமல் “நமக்குக் கிடைக்காது” என்று பெற்றோர் தாங்களாகவே ஒதுங்கிவிடுகிறார்கள். ஓபிசி ஒதுக்கீட்டில் 27 சதவீத இடம் நமக்காக இருந்தும் பொதுப் பிரிவில் போட்டி போட்டுத் தோற்கிற பிள்ளைகள் உண்டு. பொதுத்தேர்வு முடிந்த கையோடு வருவாய்த் துறையோடு சேர்ந்து பள்ளியிலேயே ஒரு நாள் முகாம் போட்டால் இது தீர்ந்துவிடும்.

கடைசியாகப் பணம். இதைச் சொல்லாமல் ஐஐஎம் ஆசையை மட்டும் விதைப்பது பிள்ளைகளை ஏமாற்றுவது ஆகும். இந்தூரில் ஐந்தாண்டுக்கும் சேர்த்து 30 லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகும். மூன்று வருடம் முடித்துவிட்டுப் பட்டத்தோடு வெளியேற வழி இருக்கிறது என்றாலும் அந்த மூன்று வருடக் கட்டணமே நம் வீடுகளுக்கு மலைதான். 2022-23 நிதிநிலை அறிக்கையில், ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து ஐஐடி, ஐஐஎஸ்சி, எய்ம்ஸ் போன்றவற்றில் சேருகிறவர்களின் இளநிலைப் படிப்புச் செலவை அரசே ஏற்கும் என்று அறிவித்தார்கள். ஐஐஎம் ஐந்தாண்டுப் படிப்பும் இதில் சேரும் என்று ஓர் ஆணை போட்டு எல்லாப் பள்ளிக்கும் அனுப்புங்கள். ஐந்து வருடத்துக்கும் முடியாது என்றால் முதல் மூன்று வருடத்துக்காவது என்று போடுங்கள். மிச்சத்துக்கு வங்கிக் கடன் கிடைக்கும். மத்திய அரசின் பிஎம் வித்யாலட்சுமி கல்விக் கடன் திட்டத்தில், வருட வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருந்து வேறு உதவித்தொகை வாங்காத குடும்பங்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனில் 3 சதவீத வட்டிச் சலுகை இருக்கிறது. டெல்லி பிஎம்எஸ் அரசுக் கல்லூரிக் கட்டணம்தான், ஐஐஎம்மோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. விடுதிச் செலவுதான் பெரிசு. ஆகவே என்னைக் கேட்டால், ஏழைப் பிள்ளைக்கு முதலில் டெல்லியைத்தான் சொல்வேன், அப்புறம்தான் இந்தூர்.

டெல்லி என்றதும் ஒரு சந்தேகம் வரும். நம் வணிகக் கணிதத்தை அந்தப் பல்கலைக்கழகம் கணிதமாக எடுத்துக்கொள்ளுமா? இந்தக் கேள்வியை லாரி ஓட்டுநர் வீட்டுப் பெண் மின்னஞ்சல் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. துறை கேட்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் சேர்க்கை அறிவிப்புக்கு முன்பே, எந்தெந்த நிறுவனம் நம் பாடத்தை ஏற்கிறது என்று எழுத்துபூர்வமாக வாங்கி ‘நான் முதல்வன்’ தளத்தில் தமிழில் போடுங்கள். ஏற்காத இடங்களின் பெயரையும் போடுங்கள். அப்போதுதான் கணிதம் இருக்கும் வேறு குரூப்பில் சேர்வதா என்று பத்தாம் வகுப்புப் பிள்ளை யோசிக்க முடியும்.

மாதிரிப் பள்ளிகளிலிருந்து ஐஐடிக்கும் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கும் போகிற பிள்ளைகளின் படம் நாளிதழில் வரும்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கிறது. உங்களால் முடியாதது இல்லை, செய்து காட்டியவர்கள்தான் நீங்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

எங்கள் வட்டாரத்தில் ஓய்வு பெற்ற கணித, ஆங்கில ஆசிரியர்கள் சிலரிடம் பேசியிருக்கிறேன். சனிக்கிழமைகளில் காமர்ஸ் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்க வருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். சம்பளம் எதுவும் வேண்டாம். பள்ளி வளாகத்தைப் பயன்படுத்த அனுமதியும், ஆய்வகத்துக்குச் சாவியும் வேண்டும். முதன்மைக் கல்வி அலுவலரிடம் கேட்பதா, உங்களிடமே கேட்பதா என்று சொன்னால் ஜூன் மாதமே தொடங்கிவிடுவோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற முதுகலை வணிகவியல் ஆசிரியர் ஒருவர்